இரவல் பூனை

எங்கள் தெருவில் வீரபாகு அண்ணன் வெளியே கிளம்புகிறார் என்றால் அது ஒரு சின்ன உற்சவம். முதலில் கதவு ஒரு சாண் திறக்கும். அந்தச் சந்தில் ஒரு கண் தெரியும். கண் இடப்பக்கம் பார்க்கும், வலப்பக்கம் பார்க்கும். பிறகுதான் முழு மனுஷனும் வலது காலை எடுத்து வாசற்படி தாண்டுவார். நெற்றி நிறைய விபூதி, கக்கத்தில் துணியில் சுற்றிய பட்டுச் சேலை. நாலு வீடு தாண்டுவதற்குள் எங்கிருந்தாவது ஒரு பூனை குறுக்கே போய்விடும். அவ்வளவுதான். திரும்பி வந்து, பலகையைப் போட்டு உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, மறுபடியும் கதவு ஒரு சாண். பெரிய காஞ்சிபுரத்து நெசவுத் தெருக்களில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் பூனைக்கு வந்ததில்லை. செவ்வாய்க்கிழமை நெசவாளர் கூட்டுறவு சொசைட்டிக்குக் கிளம்பிய சேலை வியாழக்கிழமை போய்ச் சேர்ந்ததுகூட உண்டு.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், நான் பக்கத்து வீடு. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கியது. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நான் நூறு ஆயுசு சொல்லுவேன். அவர் தறிக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பதும் நான்தான். ஆகையால் அந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் கடுகு தாளித்ததில்லை.

அண்ணனுடைய கல்யாணத்தைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. பெண் ஆரணி. மாப்பிள்ளை வீட்டார் வேன் வைத்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினார்கள். செவிலிமேடு தாண்டி ஆற்றுப் பாலம் ஏறுவதற்கு முன்னால் ஒரு பூனை. மாப்பிள்ளை வேனை நிறுத்தச் சொன்னார். திருப்பச் சொன்னார். அத்தனை பேரும் வீட்டுக்குத் திரும்பி வந்து, மாப்பிள்ளை பலகையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடித்து, மறுபடியும் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தம் முடியக் கால் மணி நேரம்தான் பாக்கி. அதுவரை கமலவேணி அண்ணி மணையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கும் கோபம் வந்தால் அவர் சொல்வது இதுதான்:

"அன்னிக்கே அந்தப் பூனை எனக்கு நல்லது சொல்லிச்சு தேவகி. நான்தான் காதுல வாங்கல."

அப்படிச் சொன்னாலும் அண்ணி ஒன்றும் நொந்து போனவர் இல்லை. அண்ணனிடம் குடி, சீட்டு, கை நீட்டுவது எதுவும் கிடையாது. அவரிடம் இருந்த குறை ஒன்றே ஒன்றுதான். அவருக்கு "வேணும்" என்ற சொல் வராது. "போதும்" வரும், "பரவாயில்லை" வரும். "வேணும்" மட்டும் தொண்டையைத் தாண்டாது. சாப்பிடும்போது இன்னும் கொஞ்சம் ரசம் வேண்டுமென்றால் தட்டில் விரலால் கோடு போடுவார். மோர் என்றால் தட்டைச் சற்றே தள்ளுவார். அண்ணி ஜோசியம் பார்ப்பதுபோல அதைப் பார்த்துப் பரிமாற வேண்டும். "எப்படி இருக்குது?" என்று கேட்டால் "பரவாயில்ல." இருபது வருஷமாக அதே பரவாயில்லை. சின்ன வயதில் தகப்பன் போய், சித்தப்பா வீட்டில் வளர்ந்தவர். அந்த வீட்டில் கேட்ட பிள்ளைக்குத் திட்டு கிடைக்கும், கேட்காத பிள்ளைக்கு மிச்சம் மீதி கிடைக்கும். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. அதற்காக எனக்கு அவர்மேல் இரக்கம் உண்டு. ஆனால் தினமும் தட்டில் கோடு பார்க்க வேண்டியவள் நான் இல்லை என்பதால் அந்த இரக்கத்துக்குச் செலவு குறைவு.

இப்படிப்பட்ட மனுஷன் வீட்டில் பூனை வந்து சேர்ந்ததற்குக் காரணம் எலி.

அறுபத்தெட்டாம் வருஷம் ஆவணி மாசம். பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுக் காயவைத்துத் தறியில் ஏற்றியிருந்தார். மயில் கழுத்து நிறம். காலையில் வந்து பார்த்தால் ஓரத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்கு நூலே இல்லை. கஞ்சி வாசனைக்கு எலி வந்து பட்டு நூலைச் சோறென்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தது. அறுந்த இழையை ஒவ்வொன்றாகப் பிணைக்க அண்ணனுக்கும் அண்ணிக்கும் மூன்று நாள் ஆயிற்று. நாலாம் நாள் மறுபடியும் கடித்திருந்தது. பொறி வைத்தார். உள்ளே வைத்த வடையைக் காணோம், எலியையும் காணோம். விஷம் வைக்கச் சொன்னால் "சைவத்துல பொறந்துட்டு உயிரைக் கொல்லச் சொல்றியா?" என்று என்மேல் பாய்ந்தார். அப்படியானால் எலிக்குத் தனியாக ஒரு தறி போட்டுக் கொடுத்துவிடுங்கள் என்றேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

எங்களுக்குப் பால் ஊற்றுகிறவள் ஓரிக்கை எல்லம்மாள். நல்ல உயரம், பாலாற்று மணலைப்போல வறண்ட பேச்சு, எருமைகளைத் தவிர யாரிடமும் குழைய மாட்டாள். அவள்தான் பாலை அளந்துகொண்டே சொன்னாள்:

"எங்கூட்ல ஒரு பூனை இருக்குது. எலின்னா உயிர். எட்த்தாந்து உடட்டுமா?"

"பூனையா? இந்த வீட்லயா?" என்றார் அண்ணன், தறியில் உட்கார்ந்தபடியே.

"எடுத்துக்கினு வா எல்லம்மா," என்றார் அண்ணி சமையற்கட்டிலிருந்து. அந்த வீட்டில் அண்ணி இவ்வளவு சுருக்கமாகப் பேசினால் அது தீர்ப்பு.

அண்ணன் இறங்கி வந்தார். சரி, ஆனால் இரவல்தான். சொந்தமாக ஒரு பூனையை அவர் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார். புரட்டாசி ஒன்றாம் தேதி வரலாம், மார்கழி ஒன்றாம் தேதி போய்விட வேண்டும். மூன்று மாசம்.

"அதுக்கு மேல ஒரு நாள்கூட என் வீட்ல இருக்கக் கூடாது. காமாட்சி சத்தியமா," என்றார்.

"எனக்கும் தையில நெல்லு வீட்டுக்கு வந்துடும். அப்ப எனக்கே வேணும்," என்றாள் எல்லம்மாள். பேச்சு முடிந்தது.

புரட்டாசி ஒன்றாம் தேதி எல்லம்மாள் ஒரு மூங்கில் கூடையைக் கொண்டுவந்தாள். அண்ணன் வாசற்படியில் நின்றுகொண்டு, வலது காலை வைத்து வர வேண்டும் என்றார்.

"நானா?"

"பூனை."

எல்லம்மாள் கூடையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மொதலியாரே, அதுக்கு வலது பக்கம் ரெண்டு காலு இருக்குது. எந்தக் காலுன்னு சொல்லு."

இதற்குப் பஞ்சாங்கத்தில் பதில் இல்லை. அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது கூடையிலிருந்து குதித்து, நாலு காலையும் ஒன்றாக வைத்து, நேரே தறிக்குழிக்குள் போய்விட்டது. சாம்பல் நிறம், கழுத்தில் வெள்ளை, இடது காது நுனியில் ஒரு கிழிசல்.

மறுநாளே தகராறு. வீட்டுக்குள் பூனை இருந்தால் குறுக்கே போகாமல் இருக்குமா? பல் தேய்க்கப் போனால் குறுக்கே போனது. சாப்பிட உட்காரப் போனால் குறுக்கே போனது. ஒவ்வொரு தடவையும் அண்ணன் திரும்பிப் போய்ப் பலகையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். மத்தியானத்துக்குள் ஏழெட்டு சொம்பு. வயிறு பானையாகி, தறியில் குனிய முடியாமல், எங்கள் தெருக்கோடி ஜோசியரிடம் ஓடினார். என் வீட்டுக்காரர் அப்போது அங்கே இருந்ததால் நடந்தது எனக்குத் தெரியும். ஜோசியர் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவர்.

"யோவ், வீட்டுப் பூனை வீட்டு மனுஷாள் மாதிரி. உம்ம பொண்டாட்டி குறுக்கே போனா வேலையை விட்டுட்டுத் தண்ணி குடிப்பீரா?" என்று எரிந்து விழுந்தார்.

அண்ணன் இதைச் சாஸ்திரமாகவே எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து, "கமலவேணி, உனக்கு இன்னா சட்டமோ அதுதானாம் பூனைக்கும்," என்று சந்தோஷமாக அறிவித்தார். அண்ணி அன்று ராத்திரி உப்புமா மட்டும் கிண்டினார்.

பூனைக்குப் பெயர் வைக்கவும் அண்ணன் மறுத்துவிட்டார். பெயர் வைத்தால் சொந்தமாகிவிடுமாம். கூப்பிட வேண்டுமே என்றால், "ஏ இரவல்!" என்பார். "இரவல், தள்ளு." "இரவல், நூலைத் தொடாத." தெருவே அதை இரவல் என்று கூப்பிட ஆரம்பித்தது. இரவல் பத்து நாளில் எலிகளைத் தீர்த்துக் கட்டியது. பிடித்ததைக் கொண்டுவந்து அண்ணன் காலடியில் வைக்கும். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சிவ சிவா" என்பார். பிறகு தயிர்சோறு பிசைந்து வைப்பார். சைவ வீட்டில் இதை எப்படி ஒத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அது அதோட உத்தியோகம். இது சாப்பாடு. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதே," என்றார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் தறியெல்லாம் தரையில் பள்ளம் தோண்டிப் போட்ட குழித்தறி. நெய்கிறவர் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மாறி மாறி மிதிக்க வேண்டும். மழைக்காலத்தில் குழிச் சுவரில் ஈரம் ஊறும். அண்ணனுக்குக் கால் இரண்டும் மரத்துப் போகும், சாயங்காலம் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். அந்த ஐப்பசியில் ஒரு நாள் இரவல் குழிக்குள் இறங்கி, அவருடைய இடது புறங்காலின்மேல் சுருண்டு படுத்தது. கால் மிதியை அழுத்தினால் பூனையும் கீழே போகும். கால் மேலே வந்தால் பூனையும் மேலே வரும். தொட்டிலில் கிடக்கும் பிள்ளைபோல அது கண்ணை மூடிக்கொண்டு மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தது. நான் தார் கொடுக்கப் போனபோது இதைப் பார்த்துவிட்டு நின்றேன்.

"உதறித் தள்ள வேண்டியதுதானேண்ணா?"

"பரவாயில்ல," என்றார். ஓர் இழை நெய்துவிட்டு, "சூடா இருக்குது," என்றார். ஒரு பொருளைப் பற்றி அவர் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து சுவருக்கு அப்பால் தறிச் சத்தம் மாறிப்போயிற்று. முன்னெல்லாம் வீரபாகு அண்ணன் தறிப் பலகையை இழுத்து அடித்தால் எங்கள் வீட்டு மாடத்து விளக்கு ஆடும். இப்போது பூப்போல அடித்தார். பூனை தூங்குகிறதாம். எனக்குத் தெரியாதா? மத்தியானத்தில் சத்தம் நின்றே போகும். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். அது புரண்டு படுப்பதற்காகக் காத்திருப்பார். பிறகு பேச்சு தொடங்கும். ஆமாம், பேச்சு. இருபது வருஷமாகச் சேர்ந்தாற்போல நாலு வாக்கியம் பேசாத மனுஷன் குழிக்குள் குனிந்துகொண்டு ஒரு பூனையிடம் ஊர்க்கதை பேசினார். அரக்குச் சாயம் இந்தத் தடவை சரியாக ஏறவில்லை, பார்டர் கலரை மாற்றச் சொல்லிக் கழுத்தறுக்கிறார்கள், வலது முழங்கால் ராத்திரியில் குடைகிறது, ஆரணி மாமியார் வீட்டு அதிரசம் மாதிரி பிறகு சாப்பிடவே இல்லை, எல்லாம்.

ஒரு நாள் சமையற்கட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு, கதவோரம் காதை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். விரலை உதட்டில் வைத்து என்னை அடக்கினார்.

"இந்த மனுஷனுக்கு முழங்கால் நோவுதுன்னு இன்னிக்குதாண்டி எனக்குத் தெரியும்," என்றார் மெதுவாக. சிரித்தார். கண் கலங்கியிருந்தது. மறுநாள் அந்த வீட்டில் நொச்சித்தழை வெந்நீரும் வந்தது, அதிரசமும் வந்தது. அண்ணன் அதிரசத்தைச் சந்தேகமாகப் பார்த்து, "பரவாயில்ல," என்று சொல்லிவிட்டு ஐந்து சாப்பிட்டார்.

பூனை வளர்ப்பதில் என்ன சுகம் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். நாய் வாலை ஆட்டிக்கொண்டு "என்னைப் பார், என்னைப் பார்" என்று கேட்கும். பூனை நம்மை ஒன்றும் கேட்காது. நாம் சொல்வதைக் கேட்கிறதா இல்லையா என்றும் காட்டிக்கொள்ளாது. ஆனால் எழுந்து போகாது. வாயில்லாத மனுஷனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அதுவும் அதற்கு வேண்டியதைக் கேட்டு வாங்குவதில்லை. வந்து காலில் படுத்து எடுத்துக்கொள்கிறது. அண்ணன் அதைப் பார்த்துப் பொறாமைகூடப் பட்டிருப்பார்.

கார்த்திகையில் எல்லம்மாளிடம் ஓர் ஆழாக்குப் பால் கூடுதலாக ஊற்றச் சொன்னார்.

"யாருக்கு?" என்றாள் அவள்.

"எனக்குப் பித்தம்," என்றார்.

எல்லம்மாள் அளந்து ஊற்றினாள். இரவல் பக்கத்தில் உட்கார்ந்து மீசையை நக்கிக்கொண்டிருந்தது.

மார்கழி ஒன்றாம் தேதி எல்லம்மாள் கூடையோடு வந்து நின்றாள். அண்ணன் தறியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"மார்கழி மாசத்துல ஒரு உயிரை வீடு மாத்துறதா? நல்லா இருக்குதே. தை பொறக்கட்டும்."

"ஒண்ணாந்தேதின்னு நீதானே சொன்ன மொதலியாரே?"

"மாசத்தைச் சொன்னேன். மாசத்தோட கொணத்தைச் சொல்லல."

அவள் போனாள். தை பிறந்தது. ஓரிக்கையில் அறுப்பு முடிந்து நெல் வீட்டுக்கு வந்தது, நெல்லோடு எலியும் வந்தது. செவ்வாய்க்கிழமை வந்தாள். செவ்வாயில் எதையும் வெளியே அனுப்பக்கூடாது என்றார். புதன்கிழமை வந்தாள். இப்போதுதான் பல்லி சொன்னது என்றார். எனக்குக் கேட்கவில்லையே என்றேன். உன் காது அப்படி என்றார். வியாழக்கிழமை தெற்கே சூலம், ஓரிக்கை தெற்கே. வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து லட்சுமியைப் பிடித்து வெளியே தள்ளுகிறதா? சனிக்கிழமை அஷ்டமி.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, பல்லியைத் தவிர. ஆனால் அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! காலையில் தினசரிக் காலண்டர் தாளைக் கிழிக்க மனசில்லாமல் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டே நின்றதை நான் பார்த்தேன். சத்தியம் பண்ணிவிட்டார், அதுவும் காமாட்சிமேல். "இதை எனக்கே கொடுத்துவிடு" என்று ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. அந்த வார்த்தைதான் வராதே. அண்ணி நேராகவே சொன்னார்:

"வேணும்னா கேளுங்க. வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

"யாருக்கு வேணும்? நாள் நல்லா இல்லன்னுதானே சொல்றேன்," என்றார் அவர். அன்று குழிக்குள்ளிருந்து பேச்சுச் சத்தமே வரவில்லை.

எல்லம்மாள் என்ன லேசுப்பட்டவளா? ஞாயிற்றுக்கிழமை பால் ஊற்றிவிட்டு அவளும் தெருக்கோடி ஜோசியரிடம் போயிருக்கிறாள். திங்கட்கிழமை ராகு காலம் கழிந்து, ஒன்பதரை மணிக்கு வந்து நின்றாள்.

"வளர்பிறை. சித்தயோகம். சூலம் கெழக்க, நான் போறது தெக்க. வேற இன்னா?"

அண்ணன் காலண்டர் தாளின் முன்புறம் பார்த்தார். பின்புறமும் பார்த்தார். பின்புறத்தில் ஒன்றும் அச்சடித்திருக்கவில்லை. இரவல் குழியிலிருந்து மேலே வந்து சோம்பல் முறித்தது. எல்லம்மாள் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக் கூடையில் போட்டு, மேலே ஒரு துணியைக் கட்டி, தலையில் வைத்துக்கொண்டு இறங்கி நடந்தாள். கூடைக்குள்ளிருந்து ஒரே ஒரு தடவை "மியாவ்" என்று கேட்டது.

நான் என் வாசலில் ராட்டினத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் வாசற்படியில் நின்று அவள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் தெருவின் இடப்பக்கம் போனது, வலப்பக்கம் போனது. எனக்குப் புரிந்துவிட்டது. பிறந்ததிலிருந்து பூனை குறுக்கே போய்விடக்கூடாது என்று பார்த்த கண் இப்போது ஒரு பூனை, ஒரே ஒரு பூனை குறுக்கே போகாதா என்று தேடிக்கொண்டிருந்தது. அன்றைக்கென்று தெருவில் ஒரு பூனை இல்லை. ஒரு காக்காய்கூட இல்லை. திரும்பி உள்ளே போனார். பின்கதவு படாரென்று திறக்கும் சத்தம் கேட்டது.

எல்லம்மாள் குழாயடியைத் தாண்டியிருப்பாள். அப்போது எதிரே, சந்து முனையிலிருந்து வீரபாகு அண்ணன் வந்தார். மூச்சு வாங்குகிறது, வேட்டி மடித்துக் கட்டியிருக்கிறது, நெற்றியில் விபூதி வேர்வையில் கரைகிறது. இடுப்பில் அண்ணியின் பித்தளைக் குடம்.

எங்கள் தெருவில் ஆண்பிள்ளை இடுப்பில் குடம் வைத்து யாரும் பார்த்ததில்லை. குழாயடியில் நின்றிருந்த பெண்கள் வாயைப் பிளந்தார்கள். அண்ணன் நேரே எல்லம்மாளுக்கு எதிரில் வந்து நின்றார்.

"இன்னா மொதலியாரே, வீட்ல தண்ணி இல்லியா?"

"காலிக் கொடம் எதிர வந்துடுச்சு," என்றார் அண்ணன், மூச்சிரைக்க. "சகுனம் சரியில்ல. திரும்பிடு எல்லம்மா."

"கொடம் எங்க வந்துச்சு? நீதானே தூக்கிக்கினு வர்ற!"

"யாரு தூக்கினா இன்னா? காலியா இல்லியா? நீயே பாரு!" என்று குடத்தைக் கவிழ்த்துக் காட்டினார். கையிலிருந்து குடம் நழுவிக் கல்லில் விழுந்தது.

அந்தச் சத்தம் ஏகாம்பரநாதர் கோயில்வரை கேட்டிருக்கும். கூடையில் கட்டிய துணி கிழிந்தது. சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று எல்லம்மாள் தோளில் குதித்து, தெருவில் குதித்து, எல்லோருக்கும் குறுக்கே வலமிருந்து இடமாகப் பாய்ந்து, திறந்து கிடந்த வாசல் வழியாக அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தது. சேலையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொசைட்டிக்குக் கிளம்பிய இரண்டு பேர் பேசாமல் திரும்பித் தங்கள் வீடுகளுக்குப் போனார்கள்.

எல்லம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். மெதுவாக நடந்து வந்து உள்ளே போனாள். பின்னால் அண்ணன், அவர் பின்னால் நான், எனக்குப் பின்னால் குழாயடி முழுவதும். இரவல் குழிக்குள் இருந்தது. இடது மிதியின்மேல், அண்ணன் கால் இருக்க வேண்டிய இடத்தில் சுருண்டு படுத்துக்கொண்டு எங்கள் யாரையும் கவனிக்கவில்லை. அண்ணி சமையற்கட்டு வாசலில் கரண்டியோடு நின்றார்.

எல்லம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"பித்தம்னு ஆழாக்குப் பாலு வாங்கினியே, அதை யாரு குடிச்சான்னு எனக்குத் தெரியாதா? நீ வாயத் தொறப்பன்னு நானும் ஒரு மாசமா நடக்கறேன். இப்பச் சொல்லு. இந்தப் பூனை உனக்கு வேணுமா, வாணாமா?"

"மூணு மாசம்னு பேச்சு... சத்தியம் வேற..."

"அதைக் கேக்கல."

"எடுத்துக்கினு போனாலும் பரவாயில்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். குழியைப் பார்த்தார். ஒரு தடவை வாயைத் திறந்து மூடினார். இன்னொரு தடவையும். அவருக்குப் பதில் நானே சொல்லிவிடலாம் போலிருந்தது.

"வேணும்," என்றார்.

அது அவர் குரல் மாதிரியே இல்லை. சின்னப் பிள்ளைக் குரல். மறுபடியும் சொன்னார்: "எனக்கு வேணும்மா. எனக்கே குடுத்துடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்வதற்கு வெட்கமில்லை. ஒரு பூனைக்காகவா அழுதாய் என்றால், பூனைக்காக யார் அழுதது?

"வெச்சுக்கோ," என்றாள் எல்லம்மாள், இரண்டு படி பால் என்று சொல்லுகிற அதே குரலில். "வயித்துல குட்டி இருக்குது. போட்டதும் ரெண்டு எனக்கு."

அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "குட்டியா? என் தயிர்சோறுன்னு இல்ல நெனச்சேன்!"

"நெனப்ப," என்றாள் அவள்.

"சத்தியம் பண்ணிட்டேனே எல்லம்மா? காமாட்சி..."

"ஒரு தேங்காய ஒடச்சுட்டு, தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லு. கேட்டா குடுக்கறவதானே அவளும்."

தை கடைசியில் தறிக்குழிக்குள்ளேயே நாலு குட்டி போட்டது இரவல். மூன்று வாரம் அண்ணன் அந்தக் குழியில் காலை வைக்கவில்லை. சொசைட்டியில் கேட்டதற்குத் தறி ரிப்பேர் என்று கூசாமல் சொன்னார். இரண்டு குட்டி ஓரிக்கைக்குப் போயிற்று. மிச்சம் இரண்டும் தாயும் சேர்ந்து அவருக்குக் குறுக்கே போகாத நேரமில்லை. தெருவில் வேற்றுப் பூனை குறுக்கே போனால் மட்டும் இன்னும் திரும்பி வந்து தண்ணீர் குடிப்பார். சட்டம் சட்டம்தானாம்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தத் திங்கட்கிழமை மத்தியானத்தைப் பற்றி. கூட்டமெல்லாம் கலைந்து, சுவருக்கு அப்பால் தறி பூப்போல அடிக்க ஆரம்பித்து, சாப்பாட்டு நேரத்துக்கு நின்றது. நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கமலவேணி அண்ணி பின்கதவு வழியாக ஓடி வந்தார். கையில் காலி ரசச் சட்டி. மூச்சு முட்டுகிறது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

"தேவகி, உங்க வீட்ல ரசம் இருக்குதா? சீக்கிரம் ஊத்துடி."

"ஏன் அண்ணி, கொட்டிப் போச்சா?"

"கொட்டல," என்றார். "இன்னும் வேணுமாம்."